படுத்த நாள் கணக்கு

பினாங்கு சுகாதார இலாகாவுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டரின் பெயர் விட்டேக்கர். வீடு வீடாக நுழைந்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, வயிற்றை அமுக்கி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வழக்கம். அதனால் சூலியா தெருப் பக்கத்து ஜனங்கள் அவரை ‘வீட்டுக்கார் டாக்டர்’ ஆக்கிவிட்டார்கள். தமிழில் தம் பெயர் அப்படித்தான் ஒலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவரும் தொப்பியைத் தொட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன் சீனி முகம்மது. பினாங்கிலேயே பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, கோட்டுப் போட்டுக்கொள்ளும் உத்தியோகத்துக்கு வந்தவன். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அந்தக் கோட்டைக் கழற்றமாட்டான். சூலியா தெருவிலிருந்து பிரியும் வண்டிக்காரச் சந்தில் வீடு. மனைவி காமாரியா. கல்யாணமாகி ஆறேழு வருஷம். ஒரே ஒரு பெண் குழந்தை.

ஒருநாள் காலை டாக்டர் அவனை அறைக்குள் கூப்பிட்டார்.

“சீனி, இந்த ஊரில் போன வருஷம் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் உன்னால் சொல்ல முடியுமா?”

“முடியும், சார். பதிவு இருக்கிறது.”

“எத்தனை பேர் சாகாமல் அவதிப்பட்டார்கள்?”

அப்படி ஒரு பதிவு இருந்ததில்லை.

“பார்த்தாயா! செத்தவனை எண்ணுவது சுலபம். அவன் அசையமாட்டான். காய்ச்சலோடு உயிரோடிருப்பவனை யார் எண்ணுகிறார்கள்? அவன் வேலைக்குப் போகாத நாள் எல்லாம் எங்கே போயிற்று? ஒரு தேசத்தின் தலைமேல் நோய் எவ்வளவு பாரமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் எதை வைத்து மருந்து வாங்குவது, எதை வைத்துச் சாக்கடை கட்டுவது?” டாக்டர் மேசையைத் தட்டினார். “நாம் எண்ணப்போகிறோம். முதலில் ஒரு சந்து. பிறகு பினாங்கு. பிறகு மலாயா முழுவதும்.”

கேள்வியையும் அவரே எழுதிக்கொடுத்தார். ‘போன மாதம் உங்கள் வீட்டில் யார் யார், என்ன நோயால், எத்தனை நாள் படுத்தார்கள்?’ படுத்த நாள்களையெல்லாம் கூட்டினால் நோயின் எடை கிடைத்துவிடும் என்பது அவர் கட்சி. மலாயா முழுவதையும் தராசில் தூக்கி வைக்கும் காரியம் தன்னிடம் வந்திருக்கிறது என்ற பெருமையில், சீனி முகம்மதுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆரம்பிக்கத் தன் வீடிருந்த சந்தையே தேர்ந்துகொண்டான். தெரிந்த ஜனங்கள், கேட்டால் மளமளவென்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தான்.

முதலில் போனது முனையிலிருந்த செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கிக்கு. ஊரிலுள்ள முதலாளிக்காக அதை நடத்தும் மேலாள் தேனப்பன், பணப் பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

“இங்கேயா? சீக்கா?” என்றார் தேனப்பன். “முருகன் புண்ணியத்துலே ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லே. எழுதிக்குங்க.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், உள்ளறையிலிருந்து யாரோ நெஞ்சு பிளந்துவிடும்படி இருமினார்கள்.

“அது?” என்றான் சீனி முகம்மது.

“அது புகை. சமையக்கட்டுலே ஈர விறகு.”

மறுபடியும் இருமல் கேட்டது. அதைத் தொடர்ந்து, “அப்பனே முருகா, என்னை எடுத்துக்கொள்ளேன்” என்று ஒரு முனகல். தேனப்பன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“விறகு ரொம்ப ஈரம்” என்றார்.

கிட்டங்கியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குச் செய்தி போனால், முதலாளி அடுத்த கப்பலிலேயே வேறு ஆளை அனுப்பிவிடுவார். அது சீனி முகம்மதுக்குத் தெரியாதது அல்ல. ‘நோய் இல்லை’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்தான்.

அடுத்த வீடு மீரா சாகிப்புடையது. காவடி மாதிரித் தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் சோற்றுப் பானையும் கறிச்சட்டியும் தொங்கவிட்டுத் துறைமுகத்தில் நாசி கண்டார் விற்கிற ஆள்; சந்துக்கே ‘காக்கா’, மூத்த அண்ணன். கேள்வியைக் கேட்டதும் அவர் சீனி முகம்மதுவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“தம்பி, நல்லா இரு. நான் சோறு விக்கிறவன். எனக்குச் சீக்குன்னு நீ எழுதினா எவன்லா என் சோத்தைத் தின்னுவான்? அப்புறம் மாத்தா-மாத்தா போலீஸ்காரன் வந்து என்னைப் படகுலே ஏத்திச் சீக்காளிங்களை அடைக்கிற ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோயிடுவான்.”

“இது அதுக்கு இல்லே காக்கா. சும்மா கணக்கு.”

“சும்மா எவன்லா கணக்கு எடுப்பான்?” என்றார் மீரா சாகிப். அங்கேயும் ‘நோய் இல்லை’ என்று எழுதிக்கொண்டு சீனி முகம்மது வெளியே வந்தான்.

எதிர்வீட்டு ஹாஜரா மாமி கதவுத் திரைக்குப் பின்னால் நின்றே பேசினாள். அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். நிபோங் திபாலிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“எங்க வீட்டுலே தும்மல்கூடக் கிடையாது” என்றாள் மாமி. “தும்மினதா எழுதினே, உன் வாப்பாகிட்டே போய்ச் சொல்லுவேன்.”

“வாப்பா மௌத்தாகிப் பல வருஷமாச்சே, மாமி.”

“கபுறுஸ்தானுக்குப் போய்ச் சொல்லுவேன்.”

சந்து முழுக்க இதே கதைதான். கடைசியில் தன் வீடு. காமாரியா அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வாசல்படியில் நின்றபடியே, “புள்ள, போன மாசம் சீக்குன்னு நீ ஏதாவது படுத்தியா?” என்று கேட்டான்.

“படுக்கிறதா? நானா?” என்றாள் அவள் திரும்பாமலே. “மீன் கருகுது, தள்ளி நில்லுங்க.”

‘நோய் இல்லை’ என்று எழுதினான்.

டாக்டர் கணக்கைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“சீனி, இந்தச் சந்தில் நான் வீடு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இங்கிலாந்திலேயே இவ்வளவு ஆரோக்கியமான தெரு கிடையாது. முக்கியமாக உங்கள் பெண்கள்! ஒருத்திகூட ஒருநாள்கூடப் படுக்கவில்லை. அதிசயமான ஜாதி!”

ஆனால் அவர் முட்டாள் அல்ல. மறுநாளே தாமே சந்துக்கு வந்தார். நாலைந்து பிள்ளைகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்; முகம் மாறியது. எலும்பும் தோலுமாக இருந்த ஒரு பையனுக்குத் தம் பையிலிருந்து ஒரு டின் பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, “மறுபடியும் கேள்” என்று சீனி முகம்மதுவிடம் சொல்லிப் போனார்.

அந்த ஒரு டின் பால்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சீக்கு உள்ளவர்களுக்குச் சர்க்கார் பால் டின் கொடுக்கிறது என்று சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. ராத்திரிக்குள் அது பால் டின்னோடு பிஸ்கட் டின்னும் ஆகியிருந்தது.

சீனி முகம்மது மறுபடியும் சந்துக்குள் நுழைந்தபோது அவனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. முன்தினம்வரை கல்லுக்குண்டாக இருந்தவர்கள் அஞ்சடி நடைபாதையில் வரிசையாகச் சாய்ந்துகிடந்தார்கள். வண்டி இழுக்கிறவன் ஒருவன் தனக்கு வாதம், பித்தம், நீரிழிவு, குஷ்டம் நான்கும் இருப்பதாகச் சொன்னான். குஷ்டம் என்றால் தீவுக்குப் போகவேண்டும் என்றதும், குஷ்டத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டான். மீரா சாகிப் போன மாதத்தில் நாற்பது நாள் படுத்திருந்தாராம்.

“மாசத்துக்கு முப்பது நாள்தானே காக்கா?”

“சீக்கு அவ்வளவு கடுமைலா, தம்பி.”

இந்தக் கணக்கையும் டாக்டர் பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “இதன்படி உன் சந்தில் பாதிப்பேர் இந்நேரம் செத்திருக்க வேண்டும்” என்றார். “உன்னைக் குறை சொல்லவில்லை. ஒருவேளை இது எண்ண முடியாத விஷயமாக இருக்கலாம்.”

அதுதான் சீனி முகம்மதுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மலாயாவைத் தராசில் தூக்க வந்தவன் ஒரு சந்தைத் தூக்க முடியாமல் வீட்டுக்கு நடந்தான். வழியில் உடம்பெல்லாம் வலித்தது; மனவருத்தம் என்று நினைத்தான். வீட்டு வாசலுக்கு வந்தபோது பல் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காமாரியா ஒரு கம்பளியைப் போர்த்தினாள். அதன்மேல் பாயைப் போட்டாள். அதன்மேல் அவனுடைய கோட்டையும் போட்டாள். அத்தனைக்கும் அடியிலிருந்து, “குளிருது, குளிருது” என்று கட்டிலோடு சேர்ந்து ஆடினான் சீனி முகம்மது. முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து உலுக்கும். நடுவிலுள்ள நாளில் ஆள் தெளிவாக இருப்பான். எழுந்து உட்கார மட்டும் தெம்பு இருக்காது.

டாக்டர் கொய்னா மாத்திரை கொடுத்தனுப்பினார். சந்து ஜனங்கள் நோய் விசாரிக்க வந்தார்கள்.

முதலில் மீரா சாகிப். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது என்ன காய்ச்சல்! எனக்கு வந்ததைப் பார்த்திருக்கணும் நீ” என்று ஆரம்பித்தார். “போன மாசம் அஞ்சு நாள் எந்திரிக்க முடியலே. ஆறாம் நாள் தோள்லே கம்பை வெச்சா பானை தானா ஆடுது. துறைமுகத்துலே பாதிக் கறியைக் கீழே கொட்டிட்டேன்.”

சீனி முகம்மது கண்ணைத் திறந்தான். “அஞ்சு நாளா?”

“அஞ்சே நாள். பொய் சொல்ல எனக்கென்ன?”

அவர் இருக்கும்போதே தேனப்பன் ஆரஞ்சுப்பழத்தோடு வந்தார். மீரா சாகிப்பின் காய்ச்சலைக் கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. “காய்ச்சலாவது வந்துட்டுப் போயிடும். எனக்கு வயித்துலே புண்ணு. பச்சைத் தண்ணி குடிச்சாக் கொள்ளிக்கட்டை வெச்ச மாதிரி எரியுது. உள்ளே இருமுறானே எனக்குக் கீழே இருக்கிற அடுத்தாள், அவன் ராத்திரி பூரா இருமுறான். நான் பூரா ராத்திரி வயித்தைப் புடிச்சுக்கிட்டு முழிச்சிருக்கேன். போன மாசம் ரெண்டு நாள் பெட்டியடிக்கே போகலே. ஊருக்கு எழுதிடாதீங்க.”

“ரெண்டா?” என்றார் மீரா சாகிப். “நாலு நாள் உங்க பெட்டியடியிலே வேற ஆளு உட்கார்ந்திருந்தாரே! நான் சோறு கொண்டாந்தேனே!”

தேனப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “ஆமா, நாலுதான்” என்று ஒத்துக்கொண்டார்.

சீனி முகம்மது படுத்தபடியே கூரையைப் பார்த்தான். கோட்டுப் போட்டுக்கொண்டு காகிதத்தோடு வாசலில் நின்றவனிடம் ஒருவரும் சொல்லாததை, கட்டிலில் சீக்காகக் கிடப்பவனிடம் கேட்காமலே கொட்டுகிறார்கள். கூட்டிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் குறைக்கிறார். குறைத்துச் சொன்னால் கூட்டுகிறார். அன்று அவனுக்குக் காய்ச்சல் இல்லாத நாள். காமாரியாவைக் கூப்பிட்டுக் காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி, தலையணைமேல் வைத்து எழுதத் தொடங்கினான்.

அதை மீரா சாகிப் பார்த்துவிட்டார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மெல்ல வெளியே வந்து சந்தில் சொன்னார்: “பாவம், வசியத்து எழுத ஆரம்பிச்சுட்டாரு.”

அவ்வளவுதான். மரணசாசனம் எழுதுகிறவனைப் பார்க்க யார்தான் வரமாட்டார்கள்? சந்து முழுவதும் வந்தது. அடுத்த சந்திலிருந்தும் வந்தார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தூரத்து உறவு, பஸ் பிடித்துக் கோழியோடு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, முதலில் அவன் நெற்றியைத் தொட்டார்கள், பிறகு பெருமூச்சு விட்டார்கள், பிறகு தங்கள் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். பல்வலி, முதுகுவலி, சீதபேதி, சிரங்கு என்று அறை நிரம்பி வழிந்தது. வாதம் பித்தம் சொன்ன வண்டிக்காரனுக்கு உண்மையில் இருந்தது முழங்கால் வீக்கம் ஒன்றுதான்; ஆனால் அதை வைத்துக்கொண்டு எப்படி வண்டி இழுத்தான் என்று அவன் சொன்னதைச் சீனி முகம்மது ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான். சொல்லிவிட்டு அந்த ஆள், “நீங்க போனா எங்களுக்கு இங்கிலீஷ் கடுதாசி யாரு எழுதுவா அண்ணே?” என்று அழுதான்.

ஹாஜரா மாமி வந்தது காய்ச்சல் நாளில். சீனி முகம்மது கம்பளிக்குள் பல் தந்தியடிக்கக் கிடந்தான். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள்.

“இதுக்கா இந்தப் பாடு?” என்றாள். “இதே காய்ச்சல் உன் பொஞ்சாதிக்கு நோன்பு மாசத்துலே வந்துச்சே! நடுங்கிக்கிட்டேதானே நோன்புக் கஞ்சி காய்ச்சினா. அகப்பை பானையிலே தாளம் போட்டுச்சு. நான்தானே புடிச்சுக்கிட்டேன்.”

நடுக்கத்திலும் சீனி முகம்மது தலையைத் தூக்கினான். “யாருக்கு?”

“காமாரியாவுக்கு. போன மாசம் கிணத்தடியிலே மயங்கி விழுந்தாளே, அதுவும் தெரியாதா? மாடி ஏறினா மூச்சு வாங்குது, பார்க்கலே நீ? ஊரெல்லாம் போய்ச் சீக்கு இருக்கா சீக்கு இருக்கான்னு கேட்டே. நல்ல ஆளுலா நீ!”

மாமி போனபிறகு காமாரியா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். சீனி முகம்மது அவளைப் பார்த்தான். இத்தனை நாள் அவளைப் பார்க்காமல் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குப் புரியவில்லை. உதடு வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நோன்பு மாசம் உனக்குக் காய்ச்சலா?”

“வந்துச்சு. போயிடுச்சு.”

“ஏன் சொல்லலே?”

“சொன்னா கஞ்சியை நீங்க காய்ச்சியிருப்பீங்களா?” கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரிக் கேட்டாள்.

“நான் வந்து கேட்டேனே புள்ள, சீக்கு இருக்கான்னு.”

“படுத்தியான்னுதானே கேட்டீங்க. படுக்கலேயே.”

சீனி முகம்மது கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். காய்ச்சல் அதிகமாகிவிட்டதென்று காமாரியா இன்னொரு பாயைக் கொண்டுவந்து போட்டாள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவன் செய்த முதல் காரியம், காமாரியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. ரிக்‌ஷாவில் ஏற மாட்டேன், நடந்தே வருகிறேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்று, ரிக்‌ஷாவில் ஏறினாள். ரத்தம் தண்ணீராகப் போயிருக்கிறது, உடம்பில் காய்ச்சலும் ஒளிந்திருக்கிறது என்று சொல்லி, மருந்து கொடுத்து, கொஞ்ச காலம் படுக்கவேண்டும் என்றார்கள். காமாரியா படுத்தாள். சீனி முகம்மது அடுப்படிக்குப் போனான். அவன் வைத்த மீன் குழம்பை ருசி பார்த்த குழந்தை, வாப்பா எப்போது ஆபீசுக்குப் போவார் என்று உம்மாவிடம் ரகசியமாகக் கேட்டது. காமாரியா சிரித்துச் சிரித்து இருமினாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டரின் மேசைமேல் தலையணைக் காகிதங்களை வைத்தான். டாக்டர் நிதானமாகப் படித்தார். கொள்ளை நோய் இல்லை, அம்மை இல்லை. முறைக்காய்ச்சலும் வயிறும் பல்லும் முதுகும்தான் சந்தின் மேல் மூட்டைபோல் உட்கார்ந்திருந்தன.

“இதை நம்பலாம்” என்றார் டாக்டர். “எப்படிக் கேட்டாய்?”

“கேட்கவில்லை, சார். படுத்துக்கொண்டேன்.”

மற்றக் குமாஸ்தாக்களையும் சந்துக்கு ஒருவராகப் படுக்கவைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் சீனி முகம்மது முந்திக்கொண்டான்.

“ஆனால் இதிலும் தப்பு இருக்கிறது, சார். பெண்கள் கணக்கு வரவில்லை. அவர்கள் படுப்பதில்லை.”

“நிற்க முடிகிறவள் எப்படி நோயாளி ஆவாள்?”

“என் மனைவி நின்றாள், சார்” என்றான் சீனி முகம்மது. அவன் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஆபீசில் அவன் அப்படிப் பேசியதே இல்லை. “நடுங்கிக்கொண்டே நின்றாள். கேள்வியை மாற்றவேண்டும். எத்தனை நாள் படுத்தாய் என்று கேட்கக்கூடாது. உடம்பு முடியாமல் எத்தனை நாள் வேலை செய்தாய் என்று கேட்கவேண்டும்.”

டாக்டர் எழுந்து தொப்பியை எடுத்தார். “வா. கேட்டுப் பார்ப்போம்.”

இருவரும் ஹாஜரா மாமி வீட்டு அஞ்சடியில் போய் நின்றார்கள். திரைக்குப் பின்னால் மாமியின் நிழல் தெரிந்தது. நிபோங் திபால்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சம்மதம் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதனால் மாமி நல்ல மனநிலையில் இருந்தாள்.

சீனி முகம்மது புதுக் கேள்வியைக் கேட்டான். “மாமி, படுக்காமலே, உடம்பு முடியாம நீங்க வேலை செஞ்ச நாள் எத்தனை இருக்கும்?”

திரைக்குப் பின்னால் மாமி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “துரைக்கு நாற்காலி போடு” என்று உள்ளே மகளுக்குக் குரல் கொடுத்தாள். “நின்னுக்கிட்டே கேக்குற விஷயம் இல்லே இது.”

நாற்காலி வந்தது. டாக்டர் உட்கார்ந்தார். மாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“எனக்கு நிக்காஹ் ஆனப்போ வயசு பதினாலு. அந்த வருஷம் மழைக்காலத்துலே...”

சீனி முகம்மது மொழிபெயர்த்தான். டாக்டர் பதறினார். “போன மாதத்தை மட்டும் கேள், சீனி!”

“போன மாசத்தை மட்டும் கேக்குறாங்க, மாமி.”

“போன மாசத்துக்கு வர நேரம் ஆகும்லா” என்றாள் ஹாஜரா மாமி. “அவசரம்னா வேற வீட்டுலே போய்க் கேக்கச் சொல்லு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் ஆகும்.”

டாக்டர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். சீனி முகம்மது கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவினான். திரைக்குப் பின்னால் மாமி அந்த வருஷத்து மழையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.